அடிமுகத்தில் அரம் வைக்காதீர்கள்: ஸ்கீ விளிம்பை வீட்டில் தீட்டுவது பற்றி

நாள் முழுக்கப் பனியில் சறுக்கிவிட்டுத் திரும்பிய இரவில், சறுக்குப் பலகையான ஸ்கீயை ஈரம் போகத் துடைத்த பிறகு, கட்டைவிரல் நகத்தை அதன் எஃகு விளிம்பின் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். விளிம்பில் கூர் இருந்தால் நகத்திலிருந்து வெண்ணிறப் பொடி சுரண்டிக்கொண்டு வரும்; மழுங்கியிருந்தால் நகம் வழுக்கிக்கொண்டு போய்விடும். முன்முனையிலிருந்து பின்முனை வரை சாண் இடைவெளியில் இப்படிப் பார்த்துக்கொண்டே போனால், காலணி நிற்கும் நடுப்பகுதியில், அதிலும் உட்புற விளிம்பில்தான், நகம் முதலில் வழுக்கத் தொடங்குகிறது என்பது தெரியவரும். திருப்பத்தின்போது உடலின் எடை பெரும்பாலும் இறங்குவது அங்கேதான்.

இந்தச் சோதனை எனக்குப் பழக்கமானது ஒரு நட்டத்துக்குப் பிறகு. பல குளிர்காலங்களுக்கு முன், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜோடி ஸ்கீயைக் கூர்தீட்டித் தரும்படி ஒரு பட்டறையில் கொடுத்தேன். மறுநாள் கைக்கு வந்தபோது விளிம்பு கண்ணாடி போல மின்னியது. ஆனால் நடுப்பகுதியில் எஃகின் அகலம் பார்த்தாலே தெரியும் அளவுக்குக் குறைந்திருந்தது. அதைவிடப் பெரிய கேடு பனியில் இறங்கிய பிறகே புரிந்தது. இரவெல்லாம் உறைந்து இறுகிக் கிடந்த காலைச் சரிவில் திரும்புவதற்காகப் பலகையைச் சாய்த்தால், அது உடனே பிடிக்காமல் ஒரு கணம் மிதந்து, நான் இன்னும் சாய்த்த பிறகு வெடுக்கென்று பிடித்தது. இயந்திரத்தில் விளிம்பின் அடிமுகத்தை அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டார்கள் என்பதும், அப்படித் தேய்ந்துபோனதை விளிம்பை மட்டும் தீட்டிச் சரிசெய்ய முடியாது என்பதும் பிறகு விசாரித்தபோது விளங்கின. அன்று முதல் என் ஸ்கீகளின் விளிம்பை நானேதான் பார்த்துக்கொள்கிறேன். தேய்த்து எடுத்த எஃகு திரும்ப முளைப்பதில்லை. ஆகவே பக்கத்தில் எடுப்பதைக் கொஞ்சமாக எடுக்க வேண்டும், அடியில் எடுக்கவே கூடாது. கீழே நான் எழுதுவதெல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

ஸ்கீ வெறும் மரப்பலகையாக இருந்த காலத்தில் அதன் விளிம்பும் மரமாகத்தான் இருந்தது. இறுகிய பனியில் அது சீக்கிரமே உருண்டு மழுங்கிவிடும். 1926-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர், சிறு சிறு எஃகுத் துண்டுகளைப் பலகையின் ஓரத்தில் திருகாணிகளால் வரிசையாகப் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தார். பனிச்சறுக்கின் போக்கையே மாற்றிய வேலை அது என்று நான் நினைக்கிறேன். இன்றைய ஸ்கீயில் துண்டுகள் இல்லை. முனை முதல் முனை வரை ஓடும் எஃகுப் பட்டை பலகையின் அடுக்குகளுக்கிடையே ஒட்டப்பட்டிருக்கிறது. வெளியே தெரியும் பகுதி ஏறத்தாழ 2 மி.மீ. அகலமும் 2 மி.மீ. உயரமும்தான். இந்த எஃகு கத்தியின் எஃகைப் போல அத்தனை கடினமானதும் அல்ல. ராக்வெல் சி அளவுகோலில் ஒரு நல்ல கத்தி 55-க்கு மேல் இருக்கும். ஸ்கீ விளிம்பு பெரும்பாலும் 50-க்குக் கீழேதான். பலகை ஓயாமல் வளைந்து நிமிர்வதால், அதோடு சேர்ந்து வளையும் எஃகு உடையாமல் இருக்க இந்த மிருதுத்தன்மை வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒரு சாதாரண அரத்தால் இதைத் தீட்ட முடிவதும் அதனால்தான். ஒரு முரட்டு இழுப்பில் இதைக் கெடுத்துவிட முடிவதும் அதனால்தான்.

விளிம்புக்கு இரண்டு முகங்கள் உண்டு. பனியைப் பார்த்திருப்பது அடிமுகம். பக்கவாட்டில் தெரிவது பக்கமுகம். இரண்டும் சந்திக்கும் கோடுதான் பனியைக் கடிக்கிறது. அடிமுகம் பலகையின் அடித்தளத்தோடு ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. வெளிப்புறம் நோக்கிப் போகையில் பனியை விட்டு மிகச் சிறிதளவு விலகி ஏறியிருக்கும். பட்டறைகளில் இதை பேஸ் ஆங்கிள் என்பார்கள்; பெரும்பாலும் 0.5 முதல் 1 டிகிரி வரை இருக்கும். பக்கமுகமும் நேர்செங்குத்தாக நிற்பதில்லை. மேலே போகப் போக உள்வாங்கியிருக்கும். இது சைட் ஆங்கிள். வழக்கமாக 1 முதல் 3 டிகிரி வரை. 90-உடன் அடிக்கோணத்தைக் கூட்டிப் பக்கக்கோணத்தைக் கழித்தால் கிடைப்பதே விளிம்பின் உண்மையான கோணம். அடியில் 1, பக்கத்திலும் 1 என்றால் 90 டிகிரி. அடியில் 1, பக்கத்தில் 3 என்றால் 88 டிகிரி. கோணம் குறுகக் குறுக உறைபனியில் பிடிப்பு கூடும். ஆனால் கூர் சீக்கிரம் போகும், கல்லில் பட்டால் எளிதாகச் சிதையும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாகத் தீட்டிக்கொள்கிற பந்தய வீரர்களுக்குப் பக்கத்தில் 3 அல்லது அதற்கும் மேல் பொருந்தும். மற்றவர்களுக்கு அடியில் 1, பக்கத்தில் 2 என்பதே போதும் என்பது என் கருத்து. எப்படியாயினும், தீட்டத் தொடங்குமுன் உங்கள் ஸ்கீயைத் தயாரித்தவர் என்ன கோணம் கொடுத்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு, அதையே பின்பற்றுவது நல்லது.

அடிக்கோணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் தீட்டத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பலகையை எத்தனை டிகிரி சாய்த்த பிறகு எஃகு பனியில் பதியும் என்பதைத் தீர்மானிப்பது அடிக்கோணம். அது 1 டிகிரி என்றால், 2 மி.மீ. அகலத்துக்குள் எஃகு ஏறியிருக்கும் உயரம் வெறும் 0.035 மி.மீ.; ஒரு தலைமுடியின் தடிமனில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பாதி முடி அளவுதான், பலகை நாம் நினைத்த கணத்தில் பிடிக்கிறதா, நினைத்துச் சற்று நேரம் கழித்துப் பிடிக்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. அரத்தைக் கையில் பிடித்து அடிமுகத்தில் சில தடவை அழுத்தி இழுத்தாலே அது இருமடங்காகிவிடக்கூடும். பக்கமுகத்தில் கோணம் தவறினால் அடுத்த தடவை சரியான கோணத்தில் தீட்டித் திருத்திக்கொள்ளலாம். அடிமுகத்தில் தவறினாலோ, பிளாஸ்டிக் அடித்தளம் முழுவதையும் கல் இயந்திரத்தில் அரைத்து, தேய்ந்துபோன எஃகின் மட்டத்துக்குக் கீழே கொண்டுவந்தால்தான் மீட்சி. அப்படி அரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்கீயின் ஆயுளில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதனால்தான் வீட்டில் கூர்தீட்டுவது என்றால் பக்கமுகத்தைத் தீட்டுவது என்றுதான் நான் பொருள் கொள்கிறேன். அடிமுகத்தில் என் கை படுவது பிசிர், அதாவது தீட்டும்போது ஓரத்தில் சுருண்டு நிற்கும் மெல்லிய எஃகு இழை, எடுக்கும்போது மட்டும். அதுவும் மிக நுண்ணிய கல்லோடு.

கருவிகள் அதிகம் வேண்டியதில்லை. ஸ்கீயை அசையாமல் பிடித்துக்கொள்ள வைஸ். பக்கக்கோணத்துக்கு ஏற்ற உலோகக் கோணச்சட்டம். அதில் அரத்தை இறுக்க ஒரு சிறு கிளாம்ப். ஒற்றை வரிப் பற்கள் கொண்ட ஓர் அரம். அரத்தின் பல்லிடுக்கில் சேரும் பொடியை எடுக்கக் கம்பித் தூரிகை. வைரத்தூள் பதித்த கற்கள் மூன்று, அதாவது 200, 400, 600 என்ற அளவில் சொரசொரப்பு குறைந்துகொண்டே போகிறவை. அலுமினியம் ஆக்சைடு சாணைக்கல் ஒன்று. ரப்பரில் சாணைத்துகள் கலந்து செய்த, அழிப்பான் போன்ற ஒரு கட்டி. ஒரு கறுப்பு மார்க்கர். கோணச்சட்டத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பிளாஸ்டிக்கில் செய்து கோணத்தைத் திருகி மாற்றும்படி வருகிறவை சில மாதங்களில் தேய்ந்து ஆடத் தொடங்கிவிடும். ஒரே ஒரு கோணத்துக்கென்று உலோகத்தில் வார்த்த சட்டம் எத்தனையோ ஆண்டுகள் பிழையில்லாமல் உழைக்கும். கைகளுக்கு வெட்டுப்படாத கையுறை அவசியம். புதிதாகத் தீட்டிய விளிம்பு விரலைக் கிழிப்பது அந்தக் கணத்தில் தெரியவே தெரியாது, இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

வேலையின் தொடக்கம் துடைப்பதுதான். காலணி கழன்றால் ஸ்கீ தானாக ஓடிவிடாமல் தடுக்கும் பிரேக்கின் இரண்டு கால்களையும் ஒரு தடித்த ரப்பர் வளையத்தால் மேலே இழுத்துக் கட்டிவிட்டு, அடித்தளத்தில் ஒட்டியிருக்கும் அழுக்கையும் பழைய மெழுகுத் திட்டுகளையும் எடுத்துவிட வேண்டும். கோணச்சட்டம் உட்கார்ந்து ஓடுவது அடித்தளத்தின் மேல்தான். அதனடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் கோணம் அங்கே மாறிப்போகும். அதே காரணத்துக்காக அடித்தளம் மட்டமாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரான எஃகுச் சட்டத்தைக் குறுக்கே வைத்து, பலகையை விளக்கை நோக்கிப் பிடித்துப் பார்த்தால், இடையில் கசியும் வெளிச்சம் சொல்லிவிடும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அடித்தளம் குழிந்து, விளிம்புகள் தண்டவாளம் போல நிமிர்ந்து நிற்கின்றன; அப்படிப்பட்ட ஸ்கீ நேராகப் போகும்போதே வேண்டாத இடத்தில் பனியைக் கடித்துத் தடுமாற வைக்கும். ஓரங்களில் வெளிச்சம் தெரிந்தால் நடுப்பகுதி புடைத்திருக்கிறது. அந்த ஸ்கீ எங்கும் பிடிக்காமல் அலையும். இரண்டுமே வீட்டில் தீர்க்கும் குறைகள் அல்ல.

அடுத்ததாக, விளிம்பை அங்குலம் அங்குலமாகக் கண்ணால் பார்த்துக்கொண்டு போகிறேன். கல்லில் பட்ட இடங்களைத் தேடுவதற்காக இது. பனிக்கு அடியில் மறைந்திருக்கும் பாறையில் விளிம்பு உரசும்போது தீப்பொறி பறக்கும் அளவுக்கு ஒரு நொடி சூடேறி, சுற்றியுள்ள குளிர்ந்த எஃகாலும் பனியாலும் அடுத்த நொடியே குளிர்ந்துவிடுகிறது. கொல்லர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்குவாரே, அதேதான் அங்கே எள்ளளவு இடத்தில் நடந்துவிடுகிறது. அந்த இடம் சற்றுக் கருத்து, ஓரம் பிதுங்கி, மற்ற எஃகைவிட மிகவும் கடினமாகி நிற்கும். பார்க்கத் தவறினாலும் காது காட்டிக்கொடுக்கும்: சீராகச் சரசரவென்று வந்துகொண்டிருக்கும் அரம் அந்த இடத்தில் கிறீச்சென்று கத்திக்கொண்டு மேலே தாவி ஓடும். அதை அழுத்தித் தேய்த்து வெல்லப் பார்த்தால் மழுங்குவது அரத்தின் பல்தான். ஒரு நல்ல அரத்தை நான் இப்படித்தான் இழந்தேன். சாணைக்கல்லையோ சொரசொரப்பான வைரக்கல்லையோ பக்கக்கோணச் சட்டத்தில் வைத்து, அந்த ஒரு விரற்கடை இடத்தில் மட்டும் பொறுமையாக முன்னும் பின்னும் தேய்த்தால், கரிய படலம் அகன்று உள்ளிருக்கும் மிருதுவான எஃகு வெளிப்படும். அதன் பிறகே அரத்துக்கு அங்கே வேலை. பள்ளம் முழுவதும் மறையும்வரை மொத்த விளிம்பையும் தேய்த்துக் கீழிறக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். பிதுங்கியதை நீக்கினால் போதும், அரை மி.மீ. பள்ளம் ஒன்று இருப்பதால் பிடிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

சில தடவை தீட்டிய பிறகு இன்னொரு தடங்கல் வரும். எஃகுக்கு மேலே இருக்கும் பலகையின் பக்கச்சுவர் பிளாஸ்டிக்கால் ஆனது. எஃகு தேய்ந்து உள்ளே போகப் போக, அந்தச் சுவர் வெளியே துருத்திக்கொண்டு அரத்தைத் தாங்கிக்கொள்ளும்; நாம் எஃகைத் தீட்டுவதாக நினைத்துக்கொண்டு பிளாஸ்டிக்கைத் தேய்த்துக்கொண்டிருப்போம். அரத்தின் பல்லில் சாம்பல்நிற எஃகுப்பொடிக்குப் பதில் கறுப்புச் சுருள்கள் சேர்ந்தால் அதுதான் அறிகுறி. பக்கச்சுவரைச் சீவுவதற்கென்றே இழைப்புளி போன்ற கைக்கருவி ஒன்று இருக்கிறது. எஃகுக்கு மேலே சில மி.மீ. உயரத்துக்கு மட்டும் மெல்லிய சுருளாகச் சீவி எடுத்தால் போதும்.

இனி மார்க்கர். பக்கமுகம் முழுவதும் கறுப்பு மை பூசிவிட்டு, கோணச்சட்டத்தில் பொருத்திய அரத்தால் ஒரே ஒரு தடவை மெல்ல இழுத்துப் பாருங்கள். மை முழு உயரத்துக்கும் சீராக அழிந்தால் உங்கள் சட்டத்தின் கோணமும் விளிம்பின் கோணமும் ஒன்று. பக்கச்சுவரை ஒட்டி அழிந்து, கூர்க்கோட்டை ஒட்டி மை அப்படியே நின்றால், விளிம்பில் இருப்பதைவிட உங்கள் சட்டத்தின் கோணம் அதிகம். நேர்மாறாக, கூர்க்கோட்டில் மட்டும் அழிந்தால் சட்டத்தின் கோணம் குறைவு. இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல் தீட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தீட்டுவதற்குச் சமம். முதல் முறை கோணத்தை மாற்றும்போது கூர்க்கோட்டில் மை போகும்வரை விடாமல் தீட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பின் எப்போதும் ஒரே சட்டத்தைப் பயன்படுத்தினால் சில இழுப்புகளிலேயே வேலை முடிந்துவிடும்.

அரத்தை ஓட்டுவதில் மூன்று விஷயங்களைக் கவனிக்கிறேன். அரம் ஒரு திசையில்தான் வெட்டும். திசை மாறினால் வெறுமனே வழுக்கும், பல்லும் வீணாகும். அரத்தின் வால், அதாவது கைப்பிடி மாட்டும் பக்கம், பின்னால் வர, அரத்தின் முனை முன்னே செல்லும்படி ஓட்டினால் திசை சரி. அடுத்தது அழுத்தம். கை களைக்கும்படி அழுத்தினால் சட்டம் ஆடும், விளிம்பில் அலை அலையாக வரி விழும். அரத்தின் எடையோடு விரலின் எடை சேர்ந்தால் போதும். ஓர் இழுப்பு முழங்கை நீளத்துக்கு மேல் போக வேண்டாம். அடுத்த இழுப்பு முந்தையதன் பாதியிலிருந்து தொடங்கட்டும். இப்படி முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டே போனால் விளிம்பு எங்கும் மேடுபள்ளமில்லாமல் வரும். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு தடவை அரத்தைத் தூரிகையால் துடைத்துவிட வேண்டும். பல்லில் சிக்கிய பொடி எஃகின் மேல் கீறல் போட்டுக்கொண்டே போகும். அரப்பொடியை வாயால் ஊதாதீர்கள். கண்ணில்தான் போய் விழும். அடித்தளத்தின் பக்கமாகத் துடைக்கவும் கூடாது. மெத்தென்ற பிளாஸ்டிக்கில் அது பதிந்து அங்கேயே துருப்பிடிக்கும்.

அரம் முடிந்தவுடன் கூர் வந்துவிட்டது போலத் தோன்றும். நகமும் நன்றாகவே சுரண்டும். ஆனால் அந்தக் கூர் ஒரு முற்பகலுக்குத்தான் தாங்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை வைத்துப் பார்த்தால், அரம் ஓடிய தடம் ரம்பத்தின் பற்களைப் போலத் தெரியும். அந்தப் பற்கள் பனியில் பட்டுப் பட்டு மடங்கி ஒடிந்துவிடும். அவற்றை மட்டப்படுத்துவதுதான் வைரக்கற்களின் வேலை. கல்லைத் தண்ணீரில் நனைத்து, அதே கோணச்சட்டத்தில் பொருத்தி, முதலில் 200, பிறகு 400, பிறகு 600 என்று முனை முதல் முனை வரை ஓட்டுகிறேன். வைரக்கல் இரு திசையிலும் வெட்டும் என்பதால் முன்னும் பின்னுமாக ஓட்டலாம். தொடக்கத்தில் கரகரவென்று ஒலிக்கும். சொரசொரப்பு அடங்க அடங்க ஒலியும் அடங்கி, கடைசியில் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைப்பது போல ஓசையே இல்லாமல் வழுக்கும். அந்த ஓசை அடங்கும்வரை அடுத்த கல்லுக்குப் போவதில்லை என்பதே நான் வைத்திருக்கும் அளவு. எத்தனை இழுப்பு என்று எண்ணுவதில்லை. இந்தக் கட்டத்தை அவசரமாக முடிக்கிறவர்கள்தான் தங்கள் விளிம்பு நிற்பதில்லை என்று வருந்துகிறார்கள்.

பக்கமுகத்தைத் தீட்டும்போது எஃகின் ஒரு மெல்லிய இழை அடிமுகத்தின் பக்கமாகச் சுருண்டு நிற்கும். பிசிர் என்பது இதுதான். கண்ணுக்குத் தெரியாது, அடித்தளத்திலிருந்து வெளிப்புறமாக விரலை மெல்ல நகர்த்தினால் நுனியில் தட்டுப்படும். இதை அப்படியே விட்டால் பலகை தன்னிச்சையாகப் பனியைப் பற்றும், பிறகு பிசிர் ஒடிந்து விழும்போது கூரையும் கொண்டுபோய்விடும். நான் மிக நுண்ணிய கல்லை, 1 டிகிரி அடிக்கோணச் சட்டத்தில் வைத்து, அழுத்தமே இல்லாமல் ஒன்றிரண்டு தடவை ஓட்டுகிறேன். பிசிர் அங்கிருந்து பக்கமுகத்துக்குத் திரும்பினால் அங்கே 600 கல்லால் ஒரு தடவை. இப்படி மாறி மாறி இரண்டு சுற்று போனால் இழை அறுந்து விழுந்துவிடும். அடிக்கோணச் சட்டம் கையில் இல்லாதவர்கள் கல்லை வெறுங்கையால் சாய்த்துப் பிடித்து ஓட்ட வேண்டாம். பக்கமுகத்தோடு நிறுத்திக்கொண்டு, பிசிரை ரப்பர் கட்டியால் மிக இலேசாக ஒரு முறை தடவி எடுப்பது எவ்வளவோ மேல்.

அந்த ரப்பர் கட்டியைக் கூர்க்கோட்டின் மேல் நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து விளிம்பு முழுவதும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது விளிம்பைச் சாதுவாக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஒரு மணி நேரம் தீட்டிய கூரை ஒரு நிமிடத்தில் அழிப்பதாகவே எனக்குப் படுகிறது. முன்முனையிலும் பின்முனையிலும் மட்டும் அதற்கு நியாயமான வேலை உண்டு. பலகை தட்டையாக நிற்கும்போது பனியைத் தொடாமல் மேலே வளையும் பகுதியிலும், அது தொடத் தொடங்கும் இடத்துக்கு அப்பால் இரண்டு மூன்று செ.மீ. வரையிலும் கூரை மழுக்கிவிட்டால், முனை எதிர்பாராமல் பனியில் சிக்காது. பழைய நேரான ஸ்கீகளில் 10 அல்லது 15 செ.மீ. வரைகூட மழுக்குவார்கள். இடை குறுகி முனை அகன்ற இன்றைய வடிவத்தில், திருப்பத்தைத் தொடங்கிவைப்பதே அந்த அகன்ற முனைதான் என்பதால், அவ்வளவு மழுக்கினால் ஸ்கீயின் குணமே போய்விடும்.

மெழுகு பூசுவதாக இருந்தால் விளிம்பு வேலையெல்லாம் முடிந்து, அடித்தளத்தை நன்றாகத் துடைத்த பிறகே பூச வேண்டும். வரிசை மாறினால் அரத்தின் பல்லிலும் கல்லிலும் மெழுகு அப்பிக்கொள்ளும். அரப்பொடியும் மெழுகோடு சேர்ந்து அடித்தளத்தில் ஒட்டும். விளிம்பை ஒட்டிய பிளாஸ்டிக் வெளுத்து, பஞ்சு பிரிந்தது போல இருந்தால், அங்கே மெழுகு வறண்டு உராய்வில் எரிந்திருக்கிறது என்று பொருள். விளிம்பில் எடை வைத்துச் சறுக்குகிறவர்களுக்கு இது முதலில் வரும் இடம் அதுதான்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை தீட்டுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: அரத்தை அபூர்வமாக எடுங்கள், வைரக்கல்லை அடிக்கடி எடுங்கள். இறுகிய பனியிலோ, இயற்கைப் பனியைவிட அடர்ந்து கரடாக இருக்கும் செயற்கைப் பனியிலோ சறுக்கிய ஒவ்வொரு நாளுக்குப் பிறகும் 400, 600 கற்களால் ஒரு ஸ்கீக்கு ஐந்து நிமிடம் செலவழித்தால், அரம் தேவைப்படும் நாள் வெகுதூரம் தள்ளிப்போகும். புதுப்பனி ஆழமாக விழுந்த நாளில் விளிம்புக்கு வேலையே இல்லை. அன்று துடைத்து வைத்தால் போதும். ஐந்து நிமிடக் கல்லுக்கும் நகம் வழுக்குகிறது என்றால் மட்டுமே அரத்தை வெளியே எடுக்கிறேன். இதனால் எஃகு மிச்சமாவது மட்டுமல்ல, விளிம்பு ஒரு நாள் கத்தியாகவும் ஒரு நாள் கட்டையாகவும் இல்லாமல் பருவம் முழுக்க ஒரே குணத்தில் இருக்கிறது. கால் அதை நம்பிச் சாய்கிறது.

உட்புற விளிம்பு முதலில் மழுங்கும் என்று தொடக்கத்தில் சொன்னேன். இடது, வலது என்று குறியிடாத ஸ்கீகளை ஒவ்வொரு நாளும் கால் மாற்றிப் போட்டுக்கொண்டால் நான்கு விளிம்புகளும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தேயும். நேற்று எது எந்தக் காலில் இருந்தது என்பது மறந்துபோகாமலிருக்க, ஒன்றின் பின்முனையில் சிறு புள்ளி ஒன்று வைத்திருக்கிறேன். தூக்கிக்கொண்டு நடக்கும்போது இரண்டையும் அடியோடு அடி சேர்த்து ஒரு பட்டையால் கட்டிவிடுங்கள். கட்டாமல் தோளில் போட்டால் ஒவ்வோர் அடிக்கும் கத்தரிக்கோல் போல ஒன்றின் விளிம்பு மற்றதன் மேல் நகர்ந்து, இரவெல்லாம் தீட்டியதைச் சரிவை அடையும் முன்பே மழுக்கிவிடும்.

பனியைவிட விளிம்புக்குப் பெரிய எதிரி ஈரம். உறையில் போட்டு மூடிய ஈர ஸ்கீ ஒரே இரவில் செம்பழுப்பாகப் பூத்துவிடும். பூத்தது மேலோட்டமாக இருந்தால் ரப்பர் கட்டியைப் பக்கமுகத்தின் மேல் தட்டையாக வைத்துத் தேய்த்தால் போய்விடும். நாட்கணக்கில் விட்டால் துரு குழிகுழியாக உள்ளிறங்கி, நல்ல எஃகைத் தேய்த்தெடுத்தால்தான் தீரும். அதனால் சறுக்கி முடித்த இடத்திலேயே ஒரு துணியால் துடைப்பதும், வீடு வந்ததும் உறையிலிருந்து எடுத்துக் காற்றாட நிறுத்துவதும் என்னைப் பொறுத்தவரை தீட்டுவதன் ஒரு பகுதியே.

விளிம்பு பலகையை விட்டுப் பிதுங்கி வெளியே வந்திருந்தாலோ, எஃகில் விரிசல் ஓடியிருந்தாலோ, பக்கச்சுவர் பிளந்து உள்ளிருக்கும் மரத்தில் ஈரம் இறங்கியிருந்தாலோ, அடித்தளம் குழிந்தோ புடைத்தோ இருந்தாலோ வீட்டு மேசை அதற்கு ஏற்ற இடமல்ல. பட்டறைக்குத்தான் போக வேண்டும். போகும்போது, "கூர்தீட்டிக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அடியில் எத்தனை டிகிரி, பக்கத்தில் எத்தனை டிகிரி என்று எழுதிக் கொடுங்கள். விளிம்பு போதுமான கூரோடு இருந்தால் அதைத் தொட வேண்டாம் என்றும் எழுதுங்கள். திரும்பி வந்ததும் மார்க்கர் பூசி, உங்கள் சட்டத்தால் ஒரு தடவை சரிபாருங்கள்.

பருவம் முடியும்போது கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. விளிம்பைத் தீட்டி, பிசிர் எடுத்து, நன்றாக உலர்த்திய பிறகு, உருக்கிய மெழுகை அடித்தளத்தின் மேல் மட்டுமன்றி எஃகின் மேலும் வழியும்படி தடிமனாகப் பூசி, சுரண்டாமல் அப்படியே விட்டுவிடுகிறேன். காற்றின் ஈரம் எஃகைத் தொடாமல் கோடை முழுவதும் அந்தப் போர்வை காக்கும். மீண்டும் முதல் பனி விழுந்து, மெழுகைப் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுக்கும் மாலையில், எஃகு நான் விட்டுவைத்த அதே சாம்பல் மினுக்கத்தோடு வெளிப்படும். துடைத்துவிட்டு, நடுப்பகுதியில், உட்புற விளிம்பின் குறுக்கே நகத்தை வைத்து இழுப்பேன், வெண்பொடி வரும்.